ஏக்கருக்கு எத்தனை புசல்?

கண்டாவளையில் பெரும்போகம் நெருங்கும் வேளையில் கமக்காரர் இருவர் சந்தித்தால், "ஏக்கருக்கு எத்தினை புசல் எறியிறியள்?" என்ற கேள்வி கட்டாயம் எழும். மூன்று என்பார் ஒருவர், அதற்கும் கூட என்பார் மற்றவர். வீசி விதைப்பதற்கு விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்வதோ ஹெக்டயருக்கு 100 கிலோ. ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு புசல். ஆனால் ஏக்கர் முழுவதும் ஒரே மண்ணாகவா இருக்கிறது?

2009இல் விட்டுப் பிரிந்து, 2010இலும் அதன் பின்னரும் வந்து திருத்திய வயல்களை நினைத்துப் பாருங்கள். மண் அணை கிடந்த மேடும், குழி நிரவிய பள்ளமும் ஒரே வரம்புக்குள் இருக்கும். கனகராயன் ஆற்றோரத் தாழ்நிலம் ஒரு விதம். கடனீரேரிப் பக்கத்து உவர்நிலம் வேறு விதம். எல்லாவற்றிற்கும் ஒரே கைவீச்சு எப்படிப் பொருந்தும்?

அமெரிக்காவில் பெரிய சோளப் பண்ணைகளில் வரைபடம் ஏற்றிய கணினியே விதைப்பொறியை வழிநடத்துகிறது. வளமான மண்ணில் நெருக்கமாகவும், வறண்ட மண்ணில் ஐதாகவும் விதை விழும். இதை நெல்லுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சோளம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டு. நெல் மட்டம் வெடிக்கும். வளமான, மட்டமான இடத்தில் ஐதாக விழுந்த நெல்லும் மட்டம் வெடித்து இடைவெளியை மூடிவிடும். அங்கே நெருங்க விதைத்தால் பயிர் மெலிந்து உயர்ந்து சாயும். கபிலத் தத்தியும் குடியேறும். முளைப்புக் குறையும் கட்டிமண் மேட்டில்தான் சற்றுக் கூட்டி எறிய வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. ஆயிரம் மணி 25 கிராம் நிறுக்கும் நாட்டு நெல்லாயின், இரண்டு புசலில் ஒரு சதுர அடிக்கு 38 மணி அளவில் விழும். மூன்று புசலில் 57க்கு மேல். சம்பா மணி சிறியது, ஆகவே அதே நிறையில் எண்ணிக்கை இன்னும் கூடும். மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு ஒரு புசல் குறைத்தால் மிஞ்சுவது 60 கிலோவுக்கு மேற்பட்ட நெல். குற்றினால் சுமார் 40 கிலோ அரிசி. கடனுக்கு விதைநெல் எடுப்பவருக்கு இது சின்னத் தொகையா?

"ஐதாக எறிந்தால் புல் முந்திவிடுமே" என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. பன்றிநெல்லும் கோழிச்சூடனும் மலிந்த வயலில் உடனே குறைக்க வேண்டாம். நிலத்தை நன்கு மட்டப்படுத்தி, நீரைக் கட்டக்கூடிய ஒரு வரவையில் மட்டும் முதலில் செய்து பாருங்கள்.

உவர் பூத்த இடம் வேறு கதை. அங்கே விதையைக் கூட்டுவது வீண் செலவு. நெல் முளைக்கும்போது உவரை ஓரளவு தாங்கும். இளம் நாற்றாக நிற்கும்போதுதான் கருகும். மழைநீரைத் தேக்கி வடித்துவிட்டு, வேறிடத்தில் வளர்த்த முற்றிய நாற்றை நடுவதே நல்லது. உவரைத் தாங்கும் இனமான ஏ.ரி. 354 கிடைத்தால் இன்னும் நல்லது.

விதைக்கு முன் நூறு மணியை ஈரச் சாக்கில் முளைக்க வையுங்கள். 85க்குக் குறைவாக முளைத்தால் அதற்கேற்பக் கூட்டுங்கள். வயலை நடந்து பார்த்து, மேட்டுக்கு இவ்வளவு, பள்ளத்துக்கு இவ்வளவு என்று நெல்லை வீட்டிலேயே அளந்து வேறு வேறு பைகளில் கட்டுங்கள். கடகத்தைக் கையில் எடுத்த பிறகு அளவு நிற்காது!

சொந்தக் காணிக்கு இன்னும் போகமுடியாமல் குத்தகை வயல் செய்வோர், முன்னர் அதைச் செய்தவரிடம் கேளுங்கள்: எங்கே நீர் நிற்கும், எங்கே உவர் பூக்கும், எங்கே பயிர் சாயும் என்று. ஒரு மூலையில் சிறு நாற்றுமேடையும் போட்டு வைத்தால், மூன்றாம் கிழமையில் வெளித்துத் தெரியும் இடங்களுக்கு அந்த நாற்று உதவும்.