மண்ணின் வரவு செலவைக் கணிக்கும் கணிப்பொறி

குடும்பத்திற்கு வரவு செலவு இருப்பது போல் மண்ணுக்கும் உண்டு. உதிரும் சருகு, அறுவடைக்குப் பின் எஞ்சும் தாள், வேர், தொழுவுரம் ஆகியவற்றில் உள்ள கரிமமே அதன் வரவு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு மட்கச் செய்யும்போது, கரிமத்தின் பெரும்பகுதி கரியமில வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இது செலவு. எஞ்சும் மட்கே ஈரத்தைக் காத்துப் பயிருக்கு ஊட்டமளிக்கிறது. செலவு மிகுந்தால் மண் வளம் குன்றும். உலகின் வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயுவும் காற்றில் பெருகும்.

இம்மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால், ஓரிரு ஆண்டுகள் மண்ணை அளந்து பார்த்து உண்மையை அறிய இயலாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் எக்டருக்கு 35 டன் தொழுவுரம் இடப்பட்டது, பின்னர் நிறுத்தப்பட்டது. நூறாண்டு கடந்த பின்னரும், எருவே காணாத பகுதியைவிட அங்கு மட்கு மிகுந்திருந்தது.

இத்தகைய நெடுங்கால அளவுகளைக் கொண்டு, அந்நிலையத்தின் ஜென்கின்சன், ரேய்னர் ஆகிய இருவரும் 1977இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். பின்னர் திருத்தம் பெற்ற அம்முறையில், மண்ணின் கரிமம் ஐந்து வகையாகப் பிரிக்கப்படுகிறது: எளிதில் மட்கும் தாவரப் பொருள், எளிதில் மட்காத தாவரப் பொருள், நுண்ணுயிர்கள், மட்கு, மாற்றமடையாத பழங்கரிமம். மாதந்தோறும் பெய்த மழை, வெப்பநிலை, ஆவியான நீர், மண்ணில் உள்ள களியின் அளவு, தரையைப் பயிர் மூடியுள்ளதா என்னும் விவரம், மண்ணில் சேரும் தாவரப் பொருளின் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், பல்லாண்டுகளின் கணக்கைக் கணிப்பொறி விரைவில் காட்டிவிடும்.

எனினும், நீர் தேங்காத ஆங்கிலேய வயலுக்கென அமைந்த கணக்கு எல்லா மண்ணுக்கும் அப்படியே பொருந்தாது. பயிர்த் தாளில் 59 விழுக்காடு எளிதில் மட்கும் என்று கொள்ளும் இம்முறை, வெப்பமண்டலக் காட்டுச் சருகில் 20 விழுக்காடே அவ்வாறு மட்கும் என்று கொள்கிறது. ஜப்பானிய நெல்வயல்களில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குக் காற்று குறைகிறது, மட்குவதும் தாமதமாகிறது. ஆகவே அந்நாட்டு அறிஞர்கள், நீர் நிற்கும் பருவத்திற்கு மட்கும் வேகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து அமைத்தனர். எரிமலைச் சாம்பல் மண்ணில் அலுமினியம் மட்கைப் பற்றிக்கொள்வதால், அதற்கும் தனித் திருத்தம் செய்தனர். நெடுங்காலச் சோதனை வயல்களில் மெய்யாக அளந்த அளவுகளோடு ஒப்பிட்ட பின்னரே இத்திருத்தங்கள் ஏற்கப்பட்டன.

கணிப்பொறி தானாக மண்ணை அறியாது. மண்ணை அளந்து கூறுவோர் தரும் விவரமே அதன் அறிவு. ஆயினும் அது காட்டும் நெறி நமக்கும் பயன்படும். பால்மரங்கள் உதிர்க்கும் இலையும், நிரைகளுக்கிடையே படரும் மூடுபயிரும் நம் மண்ணின் வரவே ஆகும். அவற்றைக் கொளுத்தினால் மண்ணுக்குச் சேரவேண்டிய கரிமம் புகையாகிப் போய்விடும். மட்க விட்டால் நம் பிள்ளைகளின் காலத்திலும் அம்மண் பயன் தரும்.