பொங்கல் கபடி சீசன்: ஜெர்சிக்கு ஸ்பான்சர் இருக்கு... அடிபட்டால் யார் இருக்கா?

கள்ளக்குறிச்சி: கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் ஓய ஆரம்பித்தால் போதும். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டார கிராமங்களிலும், கல்வராயன்மலை பகுதியிலும் வாலிபர்களுக்கு கபடி ஜுரம் பிடித்துவிடும். அறுவடை முடிந்த காலி நிலம், பள்ளிக்கூட மைதானம், கோவில் திடல் என எங்கு சமதரை கிடைத்தாலும் சுண்ணாம்புக் கோடு போட்டு இறங்கிவிடுவார்கள்.

காரணம், பொங்கல். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் நாட்களில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். கேரளா, கர்நாடகா பக்கம் தோட்ட வேலைக்கு போன மலைவாழ் மக்களும், சென்னை, திருப்பூரில் வேலை பார்க்கும் வாலிபர்களும் ஊர் திரும்பும் நேரம் அது. கூட்டத்துக்கு குறைவிருக்காது. தை மாதம் தொடங்கும் இந்த சீசன், கோவில் திருவிழாக்களோடு சேர்ந்து ஆடி வரைக்கும் ஓடும்.

இந்த சீசனுக்கு முந்தைய 2 மாதத்தில் ஒவ்வொரு இளைஞர் கபடி குழுவும் 2 வேலைகளைப் பார்க்கிறது. ஒன்று பயிற்சி. இன்னொன்று வசூல். பயிற்சியில் என்ன செய்ய வேண்டும், வசூல் பணம் எதற்கு போக வேண்டும் என்பதை விளக்குவதே இந்த செய்தித் தொகுப்பு.

மலையே ஜிம்

கபடியில் ஒரு அணிக்கு களத்தில் 7 பேர். மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 20 நிமிடம் வீதம் 2 பாதி. பாடிச் செல்பவருக்கு ஒரு முறைக்கு 30 விநாடிதான் நேரம். அந்த 30 விநாடிக்குள் மூச்சு விடாமல் பாடி, எதிராளியைத் தொட்டு, பிடிபடாமல் திரும்ப வேண்டும்.

ஆகவே முதல் 2 வாரம் முழுக்க மூச்சுக்கும் காலுக்கும்தான் வேலை. கடல் மட்டத்தில் இருந்து 2 ஆயிரம் அடிக்கு மேல் இருக்கும் கல்வராயன்மலை கிராமங்களில் இதற்கு தனியாக ஜிம் தேவையில்லை. ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடந்து வந்தாலே தொடையும் நுரையீரலும் பலப்படும். ஆனால் இறக்கத்தில் வேகமாக ஓடினால் முழங்கால் மூட்டு அடி வாங்கும். இதை பல பேர் கவனிப்பதில்லை.

அடுத்த 3 வாரம் ஆட்ட நுணுக்கம். கையால் தொடுவது, கால் நீட்டி தொடுவது, கணுக்கால் பிடி, தொடைப் பிடி, 2 பேர் கைகோர்த்து மடக்கும் சங்கிலிப் பிடி என ஒவ்வொன்றையும் முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் பழக வேண்டும். பிடிக்கும் போது தலையை எந்தப் பக்கம் வைப்பது, விழும்போது எப்படி விழுவது என்பதும் இதில் அடக்கம். கடைசி 2, 3 வாரம் பக்கத்து ஊர் அணியோடு பயிற்சி ஆட்டம்.

இதில் பெரிய சிக்கல் தரை. ஊரில் பழகுவது மண் தரை. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு பெரிய போட்டிகள் எல்லாம் ரப்பர் விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது கால் பிடித்துக்கொள்ளும், மூட்டு திரும்பிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது விரிப்பு உள்ள இடத்துக்கு அணியை அழைத்துப் போவது நல்லது. அதற்கும் வேன் செலவு ஆகும் என்பதுதான் மலை கிராமங்களின் கவலை.

பட்டினி கிடந்தால் பலம் வராது

கிராமப் போட்டிகள் பெரும்பாலும் 55 கிலோ, 65 கிலோ என எடைப் பிரிவில் நடக்கும். ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக இருக்கும் பையன்கள் போட்டிக்கு முந்தைய நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பதும், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவதும் உண்டு.

இது விபரீதம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் தசை பிடிக்கும், தலை சுற்றும், இதயத்துக்கும் சிரமம். எடையை குறைப்பதாக இருந்தால் 2 மாதம் முன்பே ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாக குறைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த எடைப் பிரிவில் ஆடுவதே மேல். மலையில் விளையும் சாமை, தினை, கூடவே முட்டை, வேர்க்கடலை, கீரை இருந்தாலே பயிற்சிக்கு போதுமான சத்து கிடைத்துவிடும். விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை.

"போன வருஷமும் வாங்கினீங்களே தம்பி?"

பயிற்சி ஒரு பக்கம் நடக்க, மாலையில் நோட்டீசும் ரசீது புத்தகமுமாக வசூல் கிளம்பும். ஊர் பெரியவர்கள், அரிசி ஆலை, உரக்கடை, நகைக்கடை, டிராக்டர் ஷோரூம் என பட்டியல் நீளும். ஜெர்சியின் முதுகில் கடை பெயர் போட ஒருவர், கோப்பைக்கு ஒருவர், மதிய சாப்பாட்டுக்கு ஒருவர் என நன்கொடை பிரியும்.

கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "போன வருஷமும் வாங்கினீங்களே தம்பி, என்ன செஞ்சீங்க?" என்பதுதான். இதற்கு பதில் சொல்ல முடிந்த அணிக்கு அடுத்த வருடமும் பணம் வரும். சொல்ல முடியாத அணிக்கு 100 ரூபாயும் ஒரு கும்பிடும்தான்.

வழி சுலபமானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கமாக பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, 2 பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, ரசீது இல்லாமல் பணம் வாங்குவதில்லை என்ற கட்டுப்பாடு, சீசன் முடிந்ததும் வரவு செலவை ஊர் பொது இடத்தில் ஒட்டுவது. இந்த நான்கும் இருந்தால் சண்டைக்கு இடமில்லை.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் ஒரு வரி

உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்க்கலாம். 12 பேர் கொண்ட அணி 5 போட்டிக்கு போகிறது. ஜெர்சி ஒன்று 400 ரூபாய் என்றால் 4,800. வேன் வாடகை தடவைக்கு 2,500 வீதம் 12,500. நுழைவுக் கட்டணம் 500 வீதம் 2,500. சாப்பாடு ஆளுக்கு 100 வீதம் 6,000. மொத்தம் 25,800 ரூபாய்.

இதில் அடிபட்டால் செய்ய வேண்டிய செலவு எங்கே? பல அணிகளின் நோட்டில் அந்த வரியே இருக்காது. ஜெர்சிக்கு ஸ்பான்சர் கிடைக்கும். முதலுதவிப் பெட்டிக்கு யாரும் ஸ்பான்சர் வருவதில்லை.

2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த கபடிப் போட்டியில், பாடிச் சென்ற இளம் வீரர் ஒருவர் எதிரணியினர் மடக்கியபோது கீழே விழுந்தார். எழுந்திருக்க முயன்றவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனைக்கு கொண்டு சென்றபோது உயிர் இல்லை. செல்போனில் எடுக்கப்பட்ட அந்த காட்சியைப் பார்த்து தமிழகமே பதறியது. அவரது குடும்பத்துக்கு அரசு நிதியுதவி அறிவித்தது.

கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டு வந்த வழக்குகளில், மருத்துவக் குழு இருக்க வேண்டும், ஜாதி மற்றும் கட்சி அடையாளம் கொண்ட உடை கூடாது, போதையில் யாரும் களம் இறங்கக்கூடாது என்று உயர்நீதிமன்ற நீதிபதிகள் நிபந்தனை விதித்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

20 ரூபாயில் 2 லட்சம்

18 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசின் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. 70 வயது வரை சேரலாம். 2022 ஜூன் முதல் இதன் பிரீமியம் ஆண்டுக்கு 20 ரூபாய். வங்கி அல்லது தபால் அலுவலக சேமிப்புக் கணக்கில் இருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம், பகுதி ஊனம் என்றால் 1 லட்சம் கிடைக்கும். மாரடைப்பு போன்ற மரணத்துக்கு இது பொருந்தாது.

12 பேருக்கு சேர்த்தாலும் 240 ரூபாய்தான். முதலுதவிப் பெட்டி, ஐஸ் பெட்டி, பேண்டேஜுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 1,240. மேலே சொன்ன பட்ஜெட்டோடு கூட்டினால் 27,040 ரூபாய் வரும். அதாவது நூற்றுக்கு 5 ரூபாய்கூட இல்லை. 18 வயதுக்கு குறைந்த பையன்களுக்கு இந்த காப்பீடு கிடையாது என்பதால், அவர்களை ஆட வைக்கும் முன்பு பெற்றோரின் சம்மதமும், மருத்துவரின் பரிசோதனையும் அவசியம். குடும்பத்திடம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

களத்தில் தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, கடும் தலைவலி வந்தால் அன்று அந்த வீரர் மறுபடியும் ஆடக்கூடாது. கழுத்தில் அடி என்றால் ஆளாளுக்கு தூக்கி உட்கார வைப்பது ஆபத்து. அசைக்காமல் வைத்து 108-க்கு போன் செய்ய வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கே ஆட்டம் முடியும் வரை ஒரு வண்டி டிரைவரோடு தயாராக நிற்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. ஆனால் மலையில் இருந்து வளைவு வளைவாக இறங்கி கச்சிராயபாளையம் வழியாக வந்து சேர வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

அரசு உதவி என்ன?

முதலமைச்சர் கோப்பை போட்டிகளில் கபடியும் உண்டு. மாவட்ட அளவில் ஜெயித்து மாநிலம் வரை போகலாம். 12 முதல் 19 வயது பள்ளி மாணவர்களுக்கும், 15 முதல் 35 வயது பொதுப்பிரிவுக்கும் தனித்தனி போட்டி. படிப்பை விட்டு வேலைக்கு போன வாலிபரும் பொதுப்பிரிவில் கலந்துகொள்ளலாம் என்பது மலை கிராமங்களுக்கு முக்கியமான விஷயம்.

2023 மே மாதம் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, பணம் இல்லாத வீரர்களுக்கு பயணம், உபகரணம், பயிற்சி செலவுக்கு உதவுவதற்காக உருவாக்கப்பட்டது. 2024-ல் கிராம ஊராட்சிகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது. தங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு பயன்பாட்டில் இருக்கிறதா, அறையில் பூட்டிக் கிடக்கிறதா என்று இளைஞர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் இல்லாமல் வாய்ப்பை இழப்பது கபடியில் மட்டும் நடப்பதில்லை. காஷ்மீரின் பனிச்சறுக்கு வீரர் ஆரிப் கான், 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு தகுதி பெறும் முயற்சியை பணப் பற்றாக்குறையால் கைவிட நேர்ந்தது. 4 ஆண்டு காத்திருந்து 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடி ஏந்திச் சென்றார். 4 ஆண்டு காத்திருக்க எல்லா வீரருக்கும் முடியாது.

பெண் பிள்ளைகளும் ரெடி

கபடி என்றாலே ஆம்பிளை ஆட்டம் என்ற பேச்சு மாறி வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியும் தங்கம் வென்றது. அதில் ஆடியவர் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது.

பெண்கள் அணி என்றால் பட்ஜெட்டில் இன்னும் சில வரிகள் சேரும். உடை மாற்ற அறை, கழிப்பறை உள்ள மைதானம், கூட வர ஒரு பெண் பொறுப்பாளர், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வண்டி. இதை ஏற்பாடு செய்தால் பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள்.

விளையாட்டு மட்டும் அல்ல

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷ சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியானதை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கல்வராயன்மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவ வசதி பற்றி கேள்வி எழுப்பியது.

சாயங்காலம் 5 மணிக்கு வாலிபர்கள் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள் என்பது அப்படிப்பட்ட ஊரில் சின்ன விஷயம் இல்லை. அந்த 2 மணி நேரம் அவர்கள் வேறு எங்கும் இல்லை என்பதே ஊருக்கு லாபம். அதனால்தான் கடைக்காரர் கொடுக்கும் 500 ரூபாய் வெறும் விளையாட்டுச் செலவு ஆகாது.

அந்தப் பணத்தில் முதல் செலவு எது என்று அணி முடிவு செய்ய வேண்டும். கோப்பை வீட்டு அலமாரியில் நிற்கும். பையன் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். இந்த பொங்கலுக்கு ரசீது புத்தகத்தோடு வரும் தம்பிகளிடம், "ஜெர்சி இருக்கட்டும், முதலுதவிப் பெட்டி வாங்கியாச்சா, காப்பீடு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு பணம் கொடுப்பது நன்கொடையாளர்களின் கடமையும்கூட.