சாவியும் சாரதியும்

களவைத் தடுக்க மனிதன் கண்டுபிடித்த யுக்தியொன்று கள்வனைப் பூட்டிலிருந்து விலக்கி, பூட்டுக்குரியவனிடமே அனுப்பிவைத்த விபரீதத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் மோட்டார் வாகனக் குற்றக் கணக்கைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்நாட்டுப் போலீஸார் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2002-03ஆம் ஆண்டில் ஆளில்லாமல் நின்ற நிலையில் களவு போன வாகனங்கள் ஏறத்தாழ 93,000. சாரதியை ஆயுதம் காட்டி மிரட்டிப் பறித்துச் சென்றவை 15,000க்குச் சற்றுக் குறைவு. இருபது ஆண்டுகள் கழித்து, 2022-23இல், முதல் வகைக் களவு 40,000க்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் வகையோ 22,000ஐத் தாண்டிவிட்டது. களவு பாதிக்கும் கீழே குறைந்த காலத்திலேயே கடத்தல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகியிருக்கிறது. வேலையின்மை, துப்பாக்கிப் புழக்கம், எல்லை கடந்து விற்கும் கும்பல்கள் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் விஞ்ஞானத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தப் பங்கு சாவியின் தலைப்பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து கார்ச் சாவிகளில் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய ஒரு மின்னணுச் சில்லு பொதியப்படலாயிற்று. அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் துவாரத்தில் செருகியவுடன், துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்றுக்கொண்டு, காரின் கணினி கேட்கும் இரகசியக் கேள்விக்கு இரகசிய விடையொன்றை அனுப்பும். விடை சரியாயிருந்தாலன்றி எஞ்சினுக்கு எரிபொருள் போகாது. ஐரோப்பிய நாடுகளில் 1998 முதல் புதிய கார்கள் யாவற்றிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. கம்பி இரண்டை உரசிக் காரைக் கிளப்பிக்கொண்டு போகும் சினிமாக் காட்சி அன்றோடு பழங்கதையாயிற்று. அச்சில்லுகளுள் ஒன்றின் சங்கேதத்தை 2005இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் உடைத்துக் காட்டினார்கள் என்பதும், சாவியின் வானொலிச் சமிக்ஞையைத் தூரத்திலிருந்து அஞ்சல் செய்து காரை ஏமாற்றலாம் என்று 2011இல் சூரிச் நகர விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள் என்பதும் மெய்தான். ஆனால் கணிதம் கற்றுச் சங்கேதத்தை உடைப்பதைக் காட்டிலும், சாவியும் எஞ்சினும் இணக்கமாய்ப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் ஜன்னலருகே போய்த் துப்பாக்கியை நீட்டுவது எளிது என்று கண்டுகொள்ள எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

ஆகவே இன்று பூட்டு என்பது சாரதியின் கவனமேயன்றி வேறில்லை. அது எவ்விடத்தில் தளர்கிறது என்று பார்த்தால், நடுச்சாலையில் மட்டுமன்று, பலவேளைகளில் தன் வீட்டு வாசலிலேயேதான். ஜோஹானஸ்பர்க் நகரமும் பிரிட்டோரியாவும் அடங்கிய கௌடெங் மாகாணத்தில்தான் அந்நாட்டுக் கடத்தல்களில் ஏறக்குறைய பாதி நடக்கின்றன. அங்கே நடுத்தர வர்க்கத்தார் வீடுகளுக்கெல்லாம் உயர்ந்த மதிலும் மின்சாரத்தால் நகரும் இரும்புக் கதவும் உண்டு. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் கதவுக்கு எதிரே காரைத் திருப்பி நிறுத்தி, கதவு நகர்ந்து திறக்கும் வரையில் காத்திருக்கிறார். முன்னே இரும்பு, இருபுறமும் மதில், பின்புறம் மட்டும் தெரு. அந்தத் தெருவின் குறுக்கே இன்னொரு கார் வந்து நின்றுவிட்டால் தப்ப வழியில்லை. 2006இல் ஆஸ்கார் விருது பெற்ற 'ட்ஸோட்ஸி' என்ற தென்னாப்பிரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: வீட்டு வாசலில் ஒரு பெண்ணைச் சுட்டு வீழ்த்திக் காரைப் பறித்துக்கொண்டு போகிற இளைஞன், சிறிது தூரம் சென்ற பின்னரே பின் ஆசனத்தில் ஒரு கைக்குழந்தை இருப்பதைக் காண்கிறான். கதை கற்பனை, இடமும் சந்தர்ப்பமும் கற்பனையல்ல.

இந்தக் கண்ணியிலிருந்து விலகும் முறையை அந்நாட்டுப் போலீஸாரும் காப்புறுதிக் கம்பெனிகளும் சலிக்காமல் போதிக்கிறார்கள். அதன் அடிப்படை வெறும் க்ஷேத்திர கணிதமே. வாசலை நோக்கித் திருப்பாமல் காரைத் தெருவோடு தெருவாக, போகிற திசையிலேயே, கதவு முழுமையும் திறக்கும் மட்டும் நிறுத்திவைத்தால், எவனாவது நெருங்கும்போது வேகமூட்டியை மிதித்து முன்னோக்கிப் போய்விட இடமிருக்கிறது. கதவு திறந்தபின் உள்ளே சென்று, அது திரும்ப மூடிக்கொள்ளும் வரை கண்ணாடியில் பார்த்திருந்துவிட்டே எஞ்சினை அணைக்க வேண்டும். வழக்கமாக ஓடிவந்து வாலாட்டும் நாய் ஒரு நாள் வராவிட்டால் உள்ளே நுழையாதீர்கள் என்றுகூட அவர்கள் சொல்லுகிறார்கள். எந்த மின்னணுச் சாதனத்தைவிடவும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யாரோ பின்தொடர்கிறான் என்று ஐயம் தோன்றினால் வீட்டுக்குப் போகாமல் அந்த வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது இன்னொரு பரிசோதனை. காரணமில்லாமல் எவனும் நான்கு திருப்பங்களிலும் கூடவே திரும்பமாட்டான். திரும்பினானாகில் அடுத்த நிறுத்தம் போலீஸ் நிலையமாக இருக்கட்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றிப் பயனில்லை. கண் திறந்திருந்தும் காணாமற்போவது மனத்தின் இயல்பு என்பதை 1999இல் ஹார்வர்டைச் சேர்ந்த உளநூல் அறிஞர் இருவர் வேடிக்கையான பரிசோதனையொன்றால் விளக்கினார்கள். பந்தை எறிந்து பிடிக்கும் சிலரைப் படத்தில் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை முறை எறிகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். அவர்களின் நடுவே கொரில்லா வேஷமிட்ட ஒருவர் நடந்து வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவரைக் காணவேயில்லை! கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துக்கொண்டு வாசலில் நிற்கும் சாரதியின் நிலை இதனினும் மோசம். அவர் படத்தைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

தெரு முனைகளில் நிற்கும் போக்குவரத்து விளக்குக் கம்பங்களைத் தென்னாப்பிரிக்கர் 'ரோபோ' என்றே அழைக்கிறார்கள். கடத்தல் மிகுந்த சந்திப்புகளில் எச்சரிக்கைப் பலகையே நாட்டியிருக்கிறார்கள். அங்கே சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதும் வேகத்தைத் தணித்து, பச்சை விழும் நேரத்தில் போய்ச் சேர்வது புத்திசாலித்தனம், ஏனெனில் ஊர்ந்துகொண்டிருக்கும் வாகனத்தை அணுகுவது கடினம். நிற்கத்தான் வேண்டுமென்றால், முன் நிற்கும் காரின் பின் சக்கரங்கள் தரையைத் தொடுமிடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்க வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் பின்னால் நகராமலே ஒதுங்கித் திரும்பலாம். பின்புறத்திலிருந்து இலேசாக இடித்துவிட்டு, சேதத்தைப் பார்க்க இறங்குகிறவரிடம் சாவியைப் பறிப்பது ஒரு தந்திரம். நீல விளக்கைச் சுழலவிட்டுப் போலீஸாராக நடிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது தந்திரம் பொல்லாதது; சட்டத்துக்குக் கீழ்ப்படியும் குணத்தையே அது ஆயுதமாக்கிக்கொள்ளுகிறது. அச்சமயம் வேகத்தைக் குறைத்து, அபாய விளக்குகளை எரியவிட்டு, பின்னால் வரும்படி சைகை காட்டி, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ ஜன நடமாட்டமுள்ள இடத்துக்கோ மெதுவாகச் செல்வதே உசிதம்.

பொறுமையிழந்தவர்கள் பதிலடியும் தேடினார்கள். 1998இல் சார்ல் ஃபூரி என்பவர் காரின் கதவுகளுக்கடியில் பொருத்தும் தீக்கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாரதி ஒரு பொத்தானைக் காலால் அழுத்தினால் திரவ வாயு பீறிட்டு, நெருங்கி நிற்பவன் மேல் ஜுவாலை பாயும். விலை 3,900 ராண்ட். மறு ஆண்டில் நையாண்டி விருதான இக் நோபலில் 'சமாதான'ப் பரிசும் அதற்குக் கிடைத்தது. சில நூறு கார்களில் ஏறியதோடு அதன் வாணிபம் அடங்கிவிட்டது. அடங்கியது நல்லதே: கடத்துகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை; ஒருவனை நெருப்பால் விரட்டும் வேளையில் மற்றவன் கையிலுள்ள துப்பாக்கி என்ன செய்யும் என்பதை அந்தக் கருவியின் விளம்பரம் பேசவில்லை.

துப்பாக்கி முகத்துக்கு நேரே வந்துவிட்ட பின்பு நிலைமை முற்றும் வேறு. அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது; இதயம் துடிதுடிக்கிறது; ஓடவும் போராடவும் பெருந்தசைகள் ஆயத்தமாகின்றன; ஆனால் விரல்களின் நுட்பமான வேலைத்திறம் கெட்டுப்போகிறது. ஆசனப் பட்டையின் கொக்கியைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். பார்வையும் ஆயுதத்தின் மேலேயே நிலைத்துவிடுகிறது. கடைக்காரரிடம் ஒருவர் காசோலை நீட்டும் படங்களையும், அதே ஆள் துப்பாக்கி நீட்டும் படங்களையும் காட்டிக் கண்ணசைவை அளந்த எலிசபெத் லாஃப்டஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் இதை 1987இலேயே எழுதிவைத்தார்கள். நாம் மறந்துவிடும் விஷயம் ஒன்றுண்டு: எதிரே நிற்பவனின் உடம்பிலும் இதே இரசாயனம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனும் அஞ்சுகிறான், நம் கை திடீரென்று இடுப்பை நோக்கிப் போனால் கொக்கியைத் தேடுகிறது என்று அவன் நினைக்கமாட்டான், ஆயுதத்தைத் தேடுகிறது என்றே நினைப்பான். அதனால்தான் இரு கைகளையும் அவன் காணும்படி உயர்த்தி, செய்யப்போவதை வாயால் சொல்லி, வலது கை மேலேயே இருக்க, இடக்கையால் மெல்லக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பட்டையைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டே இறங்கவேண்டும் என்கிறார்கள். அவன் கண்களை உற்று நோக்குவதும் வாதாடுவதும் கூடாது. குழந்தை இருந்தால் அதை உடனே உரக்கச் சொல்லவேண்டும். குழந்தையின் ஆசனத்தைச் சாரதிக்கு நேர்பின்னே பொருத்தியிருந்தால், இறங்கிய அதே பக்கத்திலிருந்து ஓர் எட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

காரை விட்டுக்கொடுப்பது கோழைத்தனமன்று, கணக்கு. போன காரைத் தேட வழியிருக்கிறது. 20,000 கிலோமீட்டருக்கப்பால் சுழலும் செயற்கைக் கோள்களிலிருந்து வந்து காரின் இருப்பிடத்தைக் காட்ட உதவும் ஜி.பி.எஸ். சமிக்ஞை தரையை அடையும்போது மிகவும் நலிந்திருக்குமாதலால், உள்ளங்கையளவு இரைச்சல் கருவியொன்றே அதை மூழ்கடித்துவிடுகிறது. கடத்தல்காரர் பலரிடம் அது உண்டு. எனவே மீட்புக் கம்பெனிகள் காரின் மறைவிடத்தில் சுதந்திரமாக இயங்கும் வானொலிச் சாதனமொன்றையும் புதைத்துவைத்து, அதன் அலையை மோப்பம் பிடித்து, காரிலும் ஹெலிகாப்டரிலும் தேடிச் செல்லுகின்றன. கும்பல்களும் இதை அறிந்து, காரை எங்கேனும் ஒரு தெருவில் விட்டுவிட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று மறைந்திருந்து பார்ப்பது வழக்கம். ஆகையால் மீட்புக் கம்பெனிக்குத் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

டர்பனில் ஒன்றரை நூற்றாண்டாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களைக் காணவும், ஜோஹானஸ்பர்க்கில் உத்தியோகம் பார்க்கவும் இங்கிருந்து செல்வோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியைக் கையில் வாங்குமுன், அந்நாட்டுப் போலீஸின் அவசர எண் 10111, கைப்பேசியிலிருந்தாயின் 112 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கைப்பேசியும் காரோடு போய்விடக்கூடும்.