"வயசாயிடுச்சு, போயிட்டாங்க" என்று முடித்துவிடாதீர்கள்

நல்லவாடு போன்ற ஒரு கடலோர ஊரில், எண்பது வயதுப் பாட்டி விடிகாலையில் பாயிலேயே இறந்து கிடந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டுவார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். குளிப்பாட்டிப் புடவை மாற்றுவார்கள். படுத்திருந்த பாயும் தலையணையும் வெளியே போகும். தரையைக் கழுவிவிடுவார்கள். ஐஸ் பெட்டி வரும், பந்தல் எழும், பொழுது சாய்வதற்குள் அடக்கமும் முடிந்துவிடும். எல்லாம் இறந்தவர் மேல் உள்ள மரியாதையால் செய்வதுதான். ஆனால் அந்தச் சாவு தானாக வந்ததில்லை என்றால், மரியாதையாகச் செய்த இதே காரியங்கள் ஒவ்வொன்றாகத் தடயத்தை அழித்துவிடும்.

முதியவர் கொலைகளில் பல வெளியே வராமல் போவதற்கு முதல் காரணம் கொலையாளியின் சாமர்த்தியம் இல்லை. வயதானவர் செத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்பதுதான். இருபது வயதுப் பையன் திடீரென்று இறந்தால் ஊரே கேள்வி கேட்கும். பாட்டி இறந்தால், "வயசாயிடுச்சு, போயிட்டாங்க" என்ற இரண்டு சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. முதுமை நோயைக் கொண்டுவரும். அதற்காக முதுமையையே சாவுக்குக் காரணமாக எழுதிவிட முடியாது.

விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் 'தலைக்கூத்தல்' என்று ஒரு வழக்கம் இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரைக் குடும்பமே கூடிப் பேசி முடித்துவிடுவது. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தன் வீட்டார் பேசிக்கொண்டது காதில் விழுந்து, உயிர் பிழைக்க உறவினர் வீட்டுக்கு ஓடிய செய்தி வந்த பிறகுதான் நிர்வாகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் இதைப் பற்றியதுதான். சொந்தபந்தம் அத்தனை பேரும் சம்மதித்தாலும், கஷ்டம் தீரட்டும் என்ற எண்ணத்தில் செய்தாலும், சட்டத்தின் முன் அது கொலை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில் அதற்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள். பிழைக்க வழியே இல்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பை நிறுத்துவது வேறு. 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, மருத்துவர் குழுக்களின் ஒப்புதலோடு நடப்பது அது. வீட்டுத் திண்ணையில் பேசி முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

நம் பக்கத்து ஆபத்து பெரும்பாலும் வேறு வடிவத்தில் வருகிறது. நகைக்காக, பணத்துக்காக, மனைக்காக. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு முதிய தம்பதி. இரண்டும் ஒதுக்குப்புறமான வீடுகள். இவற்றில் ஊர் அதிர்ந்தது, போலீஸ் வந்தது. ஆனால் குடும்பத்துக்குள்ளேயே நடப்பதற்கு அந்த அதிர்ச்சிகூட வருவதில்லை. அதற்கு முன்னால் பல மாதம், சில வீடுகளில் பல வருஷம், அடையாளங்கள் கண்ணெதிரே நின்றிருக்கும். ஆயாவின் பென்ஷன் ஏடிஎம் கார்டு பேரன் சட்டைப் பையில் இருக்கும். காது கம்மல் அடகுக்குப் போயிருக்கும். குடித்துவிட்டு வந்து காசு கேட்டுக் கையை முறுக்குவது தெருவுக்கே தெரிந்திருக்கும். "பத்திரத்துல கைநாட்டு வை" என்ற சண்டை வாரம் தவறாமல் கேட்கும். அக்கம்பக்கத்தார் அதை 'வீட்டு விவகாரம்' என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் தடுக்கச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி தலைமையில் அமையும் தீர்ப்பாயத்தில் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். பெரியவரால் போக முடியாவிட்டால் அவர் சொல்லும் இன்னொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லாதபடிதான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தர முடியும். தொகை கேட்டுப் போட்ட மனுவை நோட்டீஸ் கொடுத்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 30 நாள். பெரியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. அடி, மிரட்டல் என்று போனால் தாயோ மாமியாரோ குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட்டிடமும் பாதுகாப்பு கேட்கலாம்.

எழுதிக் கொடுத்த சொத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "பார்த்துக்கிறேம்மா" என்று சொன்ன பிள்ளைக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிவிட்டு, பிறகு அதே வீட்டின் பின்கட்டில் சோற்றுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக ஒப்புக்கொண்டு வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும். பராமரிப்பு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் பராமரிக்கும் கடமையும் உள்ளடங்கியிருக்கிறது என்றது. தீர்ப்புகள் இப்படி இருந்தாலும், நான் சொல்வது இதுதான்: பத்திரம் எழுதும்போதே "என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்கவும், உணவும் வைத்தியமும் பெறவும் எனக்கு உரிமை உண்டு, தவறினால் பத்திரம் செல்லாது" என்று எழுத வையுங்கள். அந்த இரண்டு வரியைச் சேர்க்க மறுக்கிற பிள்ளைக்குச் சொத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் ஊருக்குள் பரவலாகத் தெரிய வேண்டும். கொன்றவனுக்குச் சொத்து வராது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 25ஆம் பிரிவு, கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் இறந்தவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தகப்பனைக் கொன்ற மகனின் மனைவி, மாமனார் சொத்தில் பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2005இல் தீர்ப்பு வந்தது. அந்த மகனுக்கே உரிமை இல்லாதபோது, அவன் வழியாக மனைவிக்கு எங்கிருந்து வரும் என்று நீதிமன்றம் கேட்காத குறையாக மறுத்துவிட்டது. ஆகவே சந்தேகச் சாவு நடந்த வீட்டில் மற்ற பிள்ளைகள் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, சொத்து கைமாறாமல் இருக்கத் தடையுத்தரவும் கேட்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, சாவு நடந்துவிட்டது, மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது? முதலில் உடலை யாரும் குளிப்பாட்ட விடாதீர்கள். உதட்டின் உள்பக்கம் காயம், கண்ணின் வெள்ளையில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், கழுத்தில் நகக்கீறல், கிழிந்த காது மடல், காணாமல் போன மூக்குத்தி. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் 112க்கு அழையுங்கள். பாய், தலையணை, தண்ணீர் குடித்த டம்ளர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். போலீஸ் பிரேத விசாரணையில் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேராவது உடனிருக்க வேண்டும். சாவுக்கான காரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உங்கள் சந்தேகத்தை வாய்வார்த்தையாக விடாமல் எழுதிக் கொடுங்கள். அடக்கம் முடிந்துவிட்டதா? புதைத்திருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவோடு தோண்டி எடுத்துப் பரிசோதிக்க முடியும். எரித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சந்தேகம் இருக்கும்போது எரியூட்ட அவசரப்படுகிறவர்களைத் தடுத்து நிறுத்த உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

மீனவ ஊர்களில் பஞ்சாயத்தின் கட்டுக்கோப்பு பெரிய பலம். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்கு போன் செய்தார். ஊரில் இருந்த அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் கடற்கரையை விட்டு விலகித் தப்பியது. ஒரு குரலுக்கு ஊரே எழுந்த இடம் இது. அதே கட்டுக்கோப்பு, "வெளியே தெரிஞ்சா அசிங்கம், நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாம்" என்று ஒரு கொலையை மூடவும் பயன்பட்டுவிடக் கூடாது. வலைத் தகராறையும் பாகத் தகராறையும் பஞ்சாயத்தார் பேசித் தீர்க்கலாம். கொலையில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நடந்தது தெரிந்தும் தடயத்தை அழிக்கத் துணை போகிறவர் தாமே குற்றவாளியாவார். பஞ்சாயத்தார் செய்யக்கூடிய நல்ல காரியம் வேறு இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது ஒரு தொண்டரோடு போய்ப் பார்த்து வர வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. ஊர்க்கூட்டத்திலேயே அந்தப் பட்டியலை எழுதி, கையெழுத்துப் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கொலை நடந்த குடும்பம் பிறகு பல காலம் பேச்சற்றுப் போகிறது. பேரப்பிள்ளைகளிடம் "ஆயா மாரடைப்புல போச்சு" என்று சொல்லி வளர்க்கிறார்கள். பொண்ணு கேட்டு வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று வழக்கையே பாதியில் கைவிடுகிறவர்களும் உண்டு. அவமானப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. கொல்லப்பட்டவரின் சட்டப்பூர்வ வாரிசு, சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். குற்றவாளி விடுதலையானால் அரசை எதிர்பார்த்திருக்காமல் நீங்களே மேல்முறையீடு செய்யலாம்.

இழப்பீடும் உண்டு. கொன்றவர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், இறந்தவரை நம்பியிருந்தவர்கள் சட்டப்பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். அதற்கான எண் 15100. இன்னும் உயிரோடு இருந்து பயந்துகொண்டிருக்கும் பெரியவர்களுக்கு 14567. அந்த இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதி, கண் மங்கியவருக்கும் தெரிகிற மாதிரி, பாட்டி படுக்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். போனில் அந்த எண்களை எப்படி அழுத்துவது என்று ஒரு தடவை அவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுங்கள்.