கடல் தரும் தெம்பு

மழை பொய்த்தாலும் பயிரைத் தாங்கிப் பிடிக்கிறது ஒரு பாசிச் சாறு. ஆனால் கடையில் விற்கும் பாட்டிலுக்குள் இருப்பது அதுதானா?

மண்டபத்தை அடுத்த ஆழமற்ற கடலில் மூங்கில் மிதவைகள் அசைகின்றன. அவற்றில் கட்டிய கயிறுகளில் வளர்வது கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி. சுமார் 45 நாளில் அறுவடை. கரையேறும் பாசியில் பெரும்பகுதி நீர்தான். காயவைத்தால் அது ஆவியாகிவிடும். மிஞ்சும் சருகு, ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் காரஜீனனுக்கு மூலப்பொருள்.

வீணாகும் அந்த நீருக்கு வழி கண்டது, குஜராத்தின் பாவ்நகரில் 1954-ல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். பச்சைப் பாசியை அரைத்துப் பிழியும் முறைக்கு அது காப்புரிமை பெற்றது. சாறு வயலுக்கு, சக்கை ஆலைக்கு.

சாற்றில் இருப்பவை: பொட்டாசியம், வளர்ச்சி ஹார்மோன்கள், கிளைசின் பீட்டைன். வறட்சியோ உப்போ தாக்கும்போது பல தாவரங்கள் தாமே தயாரித்துக்கொள்ளும் பொருள் பீட்டைன். செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்கிறது. புரதங்கள் சிதையாமல் காக்கிறது. நெல்லோ இதைச் சேர்த்துவைக்கத் தெரியாத பயிர். சைட்டோகைனின் என்ற ஹார்மோன் இலை பழுப்பதைத் தள்ளிப்போடுகிறது. பச்சை நீடித்தால் மணி பிடிக்க அவகாசம் கிடைக்கிறது.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 சதவீதக் கரைசல் தெளித்த மானாவாரி சோயா 57 சதவீதம் கூடுதல் விளைச்சல் தந்தது. ஆனால் இது ஒரு சோதனை வயலின் கணக்கு. மண், பருவம், தெளிக்கும் அளவு எது மாறினாலும் பலனும் மாறும்.

சிக்கல் தொடங்குவது கடையில். பயிர் ஊக்கிகள் என்ற இந்த ரகம் நெடுங்காலம் எந்தச் சட்டத்திலும் அடங்காமல் விற்றது. 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. கேள்விமுறையின்றி விற்றவை சுமார் 30,000 என்றும், கெடுபிடிக்குப் பின் நிற்பவை ஏறத்தாழ 650 என்றும் 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் கூறினார். கழிக்கப்பட்டவற்றுக்கெல்லாம் காசு கொடுத்தவர் விவசாயி.

காசு மட்டுமல்ல நஷ்டம். பூக்கும் பருவத்தில் போலிச் சாறு தெளித்தால், பயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தச் சில நாள்களும் கைநழுவிவிடும். எனவே பாட்டிலில் உட்பொருள், எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து, ரசீதோடு வாங்குவது நல்லது. நல்ல சாறுகூட மழைக்கு மாற்றல்ல. அடுத்த மழை வரும்வரை பயிருக்குக் கொஞ்சம் மூச்சு, அவ்வளவே.