முதியோர் குடியிருப்பு வீடாக மாறுவது எப்போது?

நீண்டகாலம் வாழ்ந்த வீட்டில் மின்விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைக் கையே அறியும். நள்ளிரவில் எழுந்தாலும் கால் தானாகவே குளியலறைக்கு வழி கண்டுகொள்ளும். பார்வையும் நினைவாற்றலும் மங்கும் வயதில் இந்தப் பழக்கமே பெருந்துணையாக நிற்பதால், அந்த வீட்டை விட்டுப் புதிய இடத்துக்குச் செல்லும் முதியவர்கள் சிலருக்குக் குழப்பம், உறக்கமின்மை, பசியின்மை, யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருத்தல் போன்ற துன்பங்கள் ஏற்படுகின்றன. 'இடமாற்ற உளைச்சல்' எனப்படும் இந்நிலையை, செவிலியர்கள் கண்டறிந்து கவனிக்க வேண்டிய ஒன்றாக வட அமெரிக்கச் செவிலியர் அமைப்பு 1992இல் தன் பட்டியலில் சேர்த்தது.

கோயம்புத்தூரின் புறநகர்களிலும் சென்னையைச் சுற்றியும் முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பெருகியுள்ள இன்றைய சூழலில், இச்செய்தி தமிழ்க் குடும்பங்களுக்கும் உரியதாகிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர்; பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்க, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பல. குளிப்பது, உடுத்துவது, வேளைக்கு மருந்து உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் துணை தேவைப்பட்டாலும் முழுநேர மருத்துவக் கவனிப்புத் தேவைப்படாதவர்களுக்காக அமைந்த உறைவிடம் 'உதவியுடன் வாழும் இல்லம்' எனப்படுகிறது. எல்லாவற்றையும் தாமே செய்துகொள்பவர்களின் அடுக்ககத்துக்கும் படுக்கையில் இருப்பவர்களைப் பேணும் செவிலியர் இல்லத்துக்கும் இடைப்பட்ட நிலை இது.

இவ்வகை இல்லத்தின் தொடக்க வரலாறு, வீடு என்ற உணர்வு எதிலிருந்து பிறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த கெரன் பிரவுன் வில்சனின் தாய், ஐம்பத்தைந்து வயதில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுச் செவிலியர் இல்லத்தில் வாழ நேர்ந்தவர். சிறிய சமையலறையும் தனிக் குளியலறையும் தம் பொருள்களும் உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய கதவும் கொண்ட ஓர் இடமே அவர் விரும்பியது. அந்த விருப்பத்தை அடிப்படையாகக் கொண்டு வில்சன் 1983இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 'பார்க் பிளேஸ்' என்ற இல்லத்தை 112 குடியிருப்புகளுடன் தொடங்கினார். பூட்டிய கதவுக்குள் முதியவர் விழுந்துவிட்டால் என்னாவது என்று பலர் அஞ்சினாலும், அறையின் வெப்பநிலை, அறைகலன்கள், உணவு, உள்ளே வருபவர் யார், எப்போது வரலாம் என்பவற்றையெல்லாம் அங்கு வாழ்ந்தவர்களே முடிவு செய்தனர். மாநில அரசு அவர்களின் நிலையைத் தொடர்ந்து கண்காணித்தபோது, உடல்நலம் குன்றாததோடு மனச்சோர்வும் குறைந்திருப்பது தெரியவந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1976இல், எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர்கள் கனெக்டிகட் மாநிலத்துச் செவிலியர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வும் இதே உண்மையைச் சுட்டியது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி அமைப்பது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பன அவர்களின் பொறுப்பே என்று வலியுறுத்தி, தாமே தேர்ந்து வளர்க்க ஒரு செடியும் தரப்பட்டது. மற்றொரு தளத்திலோ, ஊழியர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்று கூறி, செடிக்கு நீர் ஊற்றும் வேலையும் செவிலியர்களிடம் விடப்பட்டது. மூன்றே வாரங்களில் முதல் குழுவினர் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் உடையவர்களாகக் காணப்பட்டனர்.

ஆகவே, புதிய அறையை வீடாக்கும் பணி அலங்காரத்தில் அன்று, முடிவெடுக்கும் உரிமையில்தான் தொடங்குகிறது. எந்தப் பொருள் உடன் வர வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தீர்மானித்துவிட்டுப் பெற்றோரிடம் தெரிவிப்பது, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், அவ்வுரிமையைப் பறிப்பதாகவே முடியும். பழைய சாய்வு நாற்காலி, சாமி படங்களும் விளக்கும் வைக்கும் அலமாரி, தேய்ந்துபோன திருமறை, காபி குடித்துப் பழகிய டபரா செட், திருமணப் புகைப்படம் ஆகியவை பிறர் கண்ணுக்குச் சிறியனவாகத் தோன்றினாலும், அந்த மனிதர் இன்னார் என்பதை அவருக்கே நாள்தோறும் உறுதிசெய்பவை. கட்டிலின் எந்தப் பக்கம் மேசை இருந்தது, சன்னல் எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கவனித்து, இயன்றவரை அதே ஒழுங்கில் புதிய அறையை அமைத்தால், உடலின் பழக்கம் முற்றிலும் வீணாகாது.

பாதுகாப்பும் இந்த உரிமைக்குத் துணைநிற்பதே. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு, தரையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் கழிப்பறை இருக்கை ஆகியவை இருந்தால், முதியவர் பிறரை அழைக்காமல் தாமே எழுந்து செல்லும் துணிவு பெறுவார். விளிம்பு மடங்கும் தரைவிரிப்பு இடறி விழச் செய்யும் என்பதால், அதற்குப் பதிலாகப் பழகிய போர்வையையோ திரைச்சீலையையோ கொண்டுவருவது நன்று.

இடத்தைப் போலவே பொழுதும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். விடியலில் எழுந்து காபி குடித்துப் பழகியவருக்கு ஏழரை மணிக்குத்தான் காபி என்று விதிப்பதும், மதியம் மோர் சாதம் இல்லாமல் உணவு முடியாதவருக்கு அதை மறுப்பதும், நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தாலும், முதியவரை விருந்தாளியாகவே நிறுத்திவிடும். பூத்தொடுப்பது, காய் நறுக்குவது, வாசலில் கோலமிடுவது, அண்டையில் இருப்பவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவது போன்ற வேலைகளில் பங்கு கிடைக்கும்போது, பெறுபவராக மட்டும் இருந்தவர் தருபவராகவும் ஆகிறார்.

எனவே, இல்லத்தைத் தேர்ந்தெடுக்கச் செல்லும் குடும்பம், கட்டடத்தின் பொலிவைப் பார்ப்பதோடு நில்லாமல், ஊழியர்கள் கதவைத் தட்டி அனுமதி பெற்ற பின்பே உள்ளே வருகிறார்களா, உணவு நேரத்தை மாற்றிக்கொள்ள இடமுண்டா, பேரப்பிள்ளைகள் வந்தால் இரவு தங்கலாமா, சொந்த அறைகலன்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்டறிய வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கும்போது அங்கு வாழப்போகும் முதியவரும் உடனிருந்து, வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு இடமளிக்கப்பட வேண்டும். மறுக்க முடிந்தவரே மனமொப்பி ஏற்கவும் முடியும். அவ்வாறு ஏற்றுக்கொண்ட இடத்தைத்தான் காலப்போக்கில் அவர் தம் வீடென்று சொல்வார்.