குடற்புழு மாத்திரைக்கு உண்மையில் ஆகும் செலவு



பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்களில் நீர் ஓடத் தொடங்குகின்றது. விக்கிரமசிங்கபுரம் முதல் கல்லிடைக்குறிச்சி வரை நாற்றங்கால் வேலைகள் துவங்கிவிடும். விடியுமுன் வாய்க்கால் கரையோரமாக வாழைத் தோட்டத்திற்குள் ஒதுங்கிவிட்டு, அப்படியே வெறுங்காலுடன் மடை திறக்கச் செல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு இன்றும் உண்டு. வீட்டில் கழிப்பறை கட்டியிருந்தும் தோட்டத்திற்குச் சென்றால்தான் திருப்தி என்போரும் இருக்கின்றனர். அரசு ஆண்டுதோறும் செலவிடும் ஒரு தொகையின் கணக்கு இந்த வழக்கத்தோடு சேர்ந்துள்ளது. அதனையே இங்குக் காண்போம்.

கொக்கிப்புழு கண்ணுக்கு எளிதில் புலப்படாத எதிரி. புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளிவருகின்றன. ஈரமும் நிழலும் காற்றோட்டமும் உள்ள மண்ணில் இம்முட்டைகள் ஓரிரு நாட்களில் பொரித்து, ஐந்து முதல் பத்து நாட்களில் தோலைத் துளைக்கும் பருவத்தை எய்துகின்றன. வெயிலில் காய்ந்த மண்ணில் அவை பிழைப்பதில்லை. நீர் தேங்கி நிற்கும் நெல் வயலும் அவற்றிற்கு ஏற்ற இடமன்று. வாழைத் தோட்டத்து நிழலும் வாய்க்கால் கரை ஈரமும்தான் அவற்றிற்குச் சுகமான நாற்றங்கால். அங்கே பல வாரங்கள் உயிரோடு காத்திருந்து, மிதிக்கும் காலின் தோல் வழியே உட்புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன.

தென்னிந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் கொக்கிப்புழு வகை ஒவ்வொன்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தம் இழப்பாகின்றது. அற்பம் என்று தோன்றும். ஒருவர் குடலில் நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மி.லி., மாதத்திற்கு 90 மி.லி. ஆகின்றது. அதாவது மாதம் ஒரு சிறு தேநீர்க் குவளை இரத்தம். அதிலுள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஈர்த்துக்கொண்டாலும் எஞ்சியது நஷ்டமே. புழு ஒன்று சில ஆண்டுகள் உயிர் வாழக்கூடியது. நடவுக்கு வரும் பெண்மணி பத்து மணிக்கே மூச்சு வாங்கி வரப்பில் உட்காருகின்றார் என்றால், அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது சரியன்று.

மாத்திரை மலிவு, கொண்டுசேர்ப்பதே செலவு

இந்திய அரசு 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் துவக்கியது. முதலாண்டிலேயே தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகின்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 200 மி.கி., மற்றவர்க்கு 400 மி.கி. பின்னர் தமிழகத்தில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, இதில் சேர்க்கப்பட்டனர்.

யாருக்குப் புழு இருக்கின்றது என்று பார்க்காமலே எல்லோருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. கேள்வி நியாயமானதே. மலத்தைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆளும் நுண்ணோக்கியும் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய மாதிரிகளும் குறைவே. மருந்துக் கடையில் பத்து ரூபாய் அளவிற்குக் கிடைக்கும் மாத்திரையை, அதைவிடப் பன்மடங்கு செலவாகும் சோதனை செய்துவிட்டுக் கொடுப்பது கட்டுபடியாகாது. பாதுகாப்பான மருந்தாகவும் இருப்பதால் சோதிக்காமல் கொடுப்பதே சிக்கனம்.

ஆயினும் மாத்திரையின் விலையைக் கொண்டு திட்டத்தின் விலையைக் கூற முடியாது. உரம் மலிவாகக் கிடைத்தாலும் வண்டி வாடகை, இறக்குக் கூலி, இடுவதற்கு ஆள் கூலி என்று ஏறுவதில்லையா? அதுபோலவே மருந்தைச் சேமிப்புக் கிடங்கிலிருந்து ஊர் ஊராக எடுத்துச் செல்லுதல், ஆசிரியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் பயிற்சி, பதிவேடு, ஊரறிவிப்பு, அன்று வராத பிள்ளைகளுக்காகச் சில நாள் கழித்து மறுமுறை வழங்குதல் என்று செலவு விரிகின்றது. பள்ளியில் கூடியிருக்கும் நூறு பிள்ளைகளுக்குக் கொடுப்பது எளிது. செங்கற்சூளைக்குப் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதுதான் கடினம். கடைசிப் பத்துப் பேருக்கு ஆகும் செலவு முதல் நூறு பேருக்கு ஆவதைவிட மிகுதியாக இருக்கலாம். புழு மிகுதியாக இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்துப் பேரிடமே.

கணக்கில் ஏறாத செலவொன்றும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அவர்தம் அன்றாட வேலைக்கு மேல் இதையும் செய்கின்றனர். இத்திட்டங்கள் மலிவு என்று புகழ்ந்து எழுதுவோர் அவர்களது உழைப்பைச் சேர்த்து எழுதுவதைக் காண்பது அரிது.

இலங்கைத் தோட்டங்களில் நிகழ்ந்தது

இந்தக் கணக்கு புதியதன்று. நமது திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பகுதிகளிலிருந்தும் ஏராளமானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-இல் அத்தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் துவக்கியது. சோதித்தபோது தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. அக்கால மருந்துகளான தைமாலும் கீனோபோடியம் எண்ணெயும் கடுமையானவை. பேதி மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மருந்துண்ட நாளில் வேலைக்குச் செல்ல இயலாது. பின்னாளில் இராமேசுவரத்திற்கு இப்பாலுள்ள மண்டபம் முகாமிலேயே கப்பலேறுமுன் மருந்து கொடுக்கலாயினர்.

மருந்தால் புழு விழுந்தது. ஆனால் தோட்டங்களில் போதிய கழிப்பறைகள் இல்லை. கட்டும் செலவை ஏற்கப் பல தோட்ட முதலாளிகள் முன்வரவில்லை. தேயிலைச் செடி நிழலிலேயே மலம் கழித்து, அதே மண்ணை வெறுங்காலால் மிதித்ததால் புழு திரும்ப வந்தது. கழிப்பறையில்லாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதே என்று அந்த மருத்துவர்கள் கண்டுகொண்டனர். 1926-இல் களுத்துறையில் சுகாதார நிலையம் ஒன்றை நிறுவி, பொதுச் சுகாதாரப் பணியின் பக்கம் திரும்பினர்.

இன்றும் அதுவே நிலை. ஒரு வேளை அல்பெண்டசோலால் கொக்கிப்புழு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் புழு முற்றிலும் நீங்குகின்றது. மற்றவர்க்கு எண்ணிக்கை குறைகின்றது. சாட்டைப்புழுவிற்கு மட்டும் இம்மருந்து அவ்வளவாகப் பலிப்பதில்லை. பல நாட்டு ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்த ஓராண்டில் கொக்கிப்புழு பழைய அளவில் பாதிக்கு மேலும், உருண்டைப்புழு ஏறக்குறையப் பழைய அளவிற்கும் திரும்பிவிட்டது தெரியவந்தது. கோரையின் தலையை மட்டும் கிள்ளினால் கிழங்கிலிருந்து மீண்டும் முளைப்பது நமக்குத் தெரியாததா!

செலவிற்கு ஏற்ற பலன் உண்டா?

இதில் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. கென்யா நாட்டில் புசியா என்ற பகுதியில் 1998 முதல் 75 பள்ளிகளில் மருந்து கொடுத்துப் பார்த்தனர். அங்குப் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமலிருக்கும் நாட்கள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. மருந்துண்ணாத பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பலன் கிட்டியது என்றும், ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு அரை டாலர் அளவே செலவு என்றும் மதிப்பிட்டனர். பின்னர் அதே புள்ளிவிவரங்களை மறுபடி ஆராய்ந்த சிலர் பலன் அவ்வளவு இல்லை என்றனர்.

நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில் பத்து இலட்சம் சிறு குழந்தைகளை உட்படுத்தி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்து ஐந்தாண்டுகள் ஆய்வு நடந்தது. 2013-இல் முடிவு வெளியாயிற்று. குழந்தைகளின் எடையிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. அங்கு பெரும்பாலான குழந்தைகளிடம் புழுச் சுமை குறைவு. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில் எமக்குத் தோன்றுவது இதுவே: புழு மிகுந்த இடத்தில் இந்தச் செலவு வீண் போகாது, புழு குறைந்த இடத்தில் அதே செலவிற்கு அதே பலனை எதிர்பார்த்தல் கூடாது.

பெரியவர்களின் பங்கு

உருண்டைப்புழு சிறுவர்களிடம் மிகுதி. கொக்கிப்புழுவோ வயது ஏற ஏற மிகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் திமிரி வட்டாரத்திலும் சவ்வாது மலையிலும் தொடங்கிய பெரும் ஆய்வில், மருந்து கொடுக்குமுன் எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கொக்கிப்புழு இருந்தது. பெரியவர்களிடமே அது மிகுதி. பள்ளி வழியாகச் செல்லும் மாத்திரை நாற்பது வயது உழவரைச் சென்றடைவதில்லை. வீட்டுப் பிள்ளைக்கு அரசு செலவில் புழு நீங்குகின்றது. அப்பாவின் மலத்திலிருந்து தோட்டத்து மண்ணுக்குப் புழு மீண்டும் வந்து சேர்கின்றது.

ஆகவே பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் பிள்ளைகளுக்கு மாத்திரை தரும்போது, வீட்டுப் பெரியவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, மருத்துவர் சொற்படி மருந்து உட்கொள்வது நல்லது. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆண்டிற்கு இருமுறை கடையில் வாங்கினாலும் நூறு ரூபாய் அளவே ஆகும். அது ஒரு நாள் நடவுக் கூலியில் ஒரு பகுதிதான். கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், தாமாக இதனை உண்ணக் கூடாது. காய்ச்சலாய் இருக்கும் குழந்தைக்குக் குணமான பின்னரே கொடுத்தல் வேண்டும். சிறு குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து கொடுக்கவும். முழுதாக விழுங்கச் செய்தால் புரையேறும்.

சேற்றில் இறங்கி நடும்போது செருப்பு அணிய முடியாது என்பதை நாமறிவோம். வாழைத் தோட்டத்திலும் வாய்க்கால் கரையிலும் நடக்கும்போதாவது அணியலாம். வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை இருப்பின் ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடிவிட்டு மறு குழிக்கு மாற்றுங்கள். மூடிய குழியை ஓராண்டிற்குக் குறையாமலும், உருண்டைப்புழு முட்டைகள் நெடுநாள் தாங்குமாதலால் இயன்றால் இரண்டாண்டும், திறக்காமல் விட வேண்டும். அதன் பின் உலர்ந்து மக்கி, நாற்றமின்றி இருக்கும் எருவை வெட்டியெடுத்து வாழைக் கன்றுகளின் குழியில் இட்டு மண் மூடலாம்.